விறுவிறுப்பான தொடர்

புதன்கிழமை மதியம் வந்துவிட்டால் தொலைக்காட்சி விமர்சகருக்குத் தலைகால் புரியாது. அன்றுதான் பத்திரிகையின் இணையதளத்தில் வாசகர்களோடு அரட்டை. எந்தத் தொடரைப் பார்க்கலாம், எந்தப் படத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, ரயிலில் படிக்க எந்தப் புத்தகம் என்று அவர்கள் கேட்கக் கேட்க, இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ராஜா மாதிரி தீர்ப்பு சொல்லுவார். எல்லாம் எழுத்தில்தான், யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் உட்காருவார். கீழே என்ன உடுத்தியிருப்பார் என்பதை நாம் கேட்க வேண்டாம்.

"நான் ஒரு காட்சியைக்கூட ஓட்டிவிட்டுப் பார்த்ததில்லை" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது பெருமை அடித்துக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

போன வாரம் அவர் ஒரு குடும்பத் தொடரை ஆகா ஓகோ என்று தூக்கி எழுதியிருந்தார். 'மூச்சு விடக்கூட நேரம் தராத விறுவிறுப்பு. கதாநாயகியின் பேச்சில் அடக்கிவைத்த பதற்றம். முதியவர்களை இத்தனை சுறுசுறுப்பாக எந்தத் தொடரும் காட்டியதில்லை.' அதனால் இந்த வாரம் அரட்டை தொடங்கும்போதே சூடாக இருந்தது.

"எந்த விறுவிறுப்பு சார்? அந்தத் தாத்தா கதவைத் திறக்க எழுந்தார். நான் போய்க் குளிச்சிட்டு வந்தேன். மனுஷன் இன்னும் நடந்துக்கிட்டே இருக்கார்" என்று எழுதினார், 'சோபா மன்னன்' என்ற பெயரில் வரும் வாசகர்.

"படம் நின்னுபோச்சுன்னு நாங்க டிவியைத் தட்டிப் பார்த்தோம்" என்றார் 'கடைசி வரிசை'.

விமர்சகர் சிரித்துச் சமாளித்தார். அப்போது 'நைட் டியூட்டி' வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். கணவர் பஸ் டிரைவர். அவள் வந்ததும் இவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், வாரத்துல ஒரே ஒரு சாயங்காலம்தான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்ல இருப்போம். நீங்க சொன்னீங்கன்னு இதைப் போட்டேன். அவர் கொஞ்ச நேரத்துலயே குறட்டை விட ஆரம்பிச்சிட்டார். அது போகட்டும். நீங்க நிஜமாவே பார்த்துட்டுத்தான் எழுதினீங்களா? பார்க்காமலே எழுதியிருந்தா நான் இனிமே இந்தப் பக்கம் வரலை."

விமர்சகருக்குச் சுருக்கென்றது. வெளியே சொன்னதில்லை என்றாலும், எழுத உட்கார்ந்தால் அவர் கண்முன் வருவது எப்போதும் இந்த நர்ஸும் டிரைவரும்தான். அவர்களுடைய ஒற்றைச் சாயங்காலம் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொன்றையும் முழுசாக உட்கார்ந்து பார்க்கிறார். அவளே இப்படிக் கேட்டுவிட்டாளே!

பார்த்ததை நிரூபித்தே தீருவது என்று, அரட்டை ஓடிக்கொண்டிருந்த அதே கணினியில் அந்தத் தாத்தா காட்சியை ஓடவிட்டார். தாத்தா விறுவிறுவென்று கதவுக்குப் போனார். இதில் என்ன குறை?

எதிரே, வங்கியின் பதவி உயர்வுப் பரீட்சைக்கு லீவு போட்டுப் படித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாரும் இந்த ஓட்டம் ஓடுறாங்க? வேகத்தை மாத்தலையா நீங்க?"

"எந்த வேகத்தை?"

"ஒன்றரை மடங்கு. நான்தான் வச்சேன். பரீட்சை வீடியோவுல பாடம் நடத்துற அந்த மனுஷன் ஒரு வரியைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும். இதுல எதைப் போட்டாலும் அப்படித்தான் ஓடும்." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "டிவி ரிப்பேருக்குப் போயிருந்தப்ப நீங்க... இதுலயா பார்த்தீங்க? முழுசாவா?"

விமர்சகர் வேகத்தைச் சரிசெய்தார். தாத்தா எழுந்தார். கால் செருப்பைப் பார்த்தார். யோசித்தார். விமர்சகருக்குக் கொட்டாவி வந்தது.

அதே நேரம் பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "ஒண்ணும் விளக்கம் குடுக்காதீங்க. 'ரசனை ஆளுக்கு ஆள் மாறும்'னு போட்டு முடிச்சிடுங்க." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது என்ற ரகம் அவர்.

விமர்சகர் அப்படியே அடித்தார். அனுப்பும் பொத்தான்வரை விரல் போய்விட்டது. மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினார்:

'தொடர் முழுவதும் பார்த்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில். அது வேகம் என்பதே இப்போது மனைவி சொல்லித்தான் தெரிந்தது. நான் மோசக்காரன் இல்லை, முட்டாள். உங்கள் சாயங்காலத்தைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்.'

அவ்வளவுதான், திரை முழுக்கச் சிரிப்பு. 'கடைசி வரிசை' விழுந்து புரண்டார். 'சோபா மன்னன்' அதே வேகத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்: "சார், நீங்க சொன்னது நிஜம்! செம விறுவிறுப்பு!"

விமர்சகர் எதையும் படிக்கவில்லை. ஒரே ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவியும் புத்தகத்தை மூடிவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நேரம் தாத்தாவைப் போல நடந்தது.

கடைசியில் 'நைட் டியூட்டி' எழுதினாள்: "அப்பாடா. முட்டாள்னா பரவாயில்ல சார், எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார். பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கார். இன்னிக்கு எங்களுக்கு லீவு. என்ன பார்க்கலாம், சொல்லுங்க."

விமர்சகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினியை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல வேகம் சரியா இருக்கான்னு பாரு."