மறுமுனை

வேன் இரண்டாம் முறை ஹாரன் அடித்தபோது அவள் மகளைக் கெட்டிப் போர்வையில் கிடத்தி, ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்துவந்த மூத்த மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அதற்கு ஆளில்லை.

மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மகளுக்குப் பதின்மூன்று வயது. நடக்க வராது, பேச வராது. எடையில் மட்டும் அம்மாவை எட்டிப் பிடித்துவிட்டாள். கூப்பிடும் பெயர் இன்னமும் குட்டிதான்.

அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். "அண்ணே, ஒரு கை பிடிக்க மேல வாங்களேன்!"

"வண்டியை விட்டு இறங்கக் கூடாதுன்னு உத்தரவும்மா," என்றார் டிரைவர். "உள்ள மத்த பிள்ளைங்க இருக்கு. நான் என்ன செய்ய?"

வேன் சத்தம் கேட்டாலே குட்டியின் வாயிலிருந்து நீண்ட கூவல் ஒன்று வரும். தெரியாதவர்களுக்கு அது அலறல். வீட்டில் அதற்குச் சந்தோஷம் என்று பெயர். வேன் தெருவைத் தாண்டியதும் கூவல் பாதியில் நின்றது.

குட்டி போகும் சிறப்புப் பயிற்சி மையத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். "திங்கட்கிழமையும் வரலைன்னா இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்தாகணும். எங்க கையில இல்லம்மா."

அந்த இடத்துக்காக அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. அங்கேதான் குட்டி கரண்டி பிடிக்கக் கற்றாள். வாய்க்குப் போகும் வழியில் பாதி சிந்தும். மீதி அவள் தானாகச் சாப்பிட்டது.

கணவனுக்குச் சோப்புக் கம்பெனியில் வேலை. காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ் இந்தத் தெரு வழியாகத்தான் வரும். அவன் மட்டும் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்து வருவான். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பான்.

"என்னங்க, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்," என்றாள் அன்று மாலை. "மத்தியான ஷிஃப்ட் குடுத்தா, காலையில ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இறக்கிடலாம்."

"எத்தனை தடவை கேக்கறது? அந்த சூப்பர்வைசர் கல்லு. பெத்த பிள்ளையைச் சொன்னாலும் இரங்க மாட்டேங்கறான்."

குட்டி அவனுடைய சட்டைக் காலரை இழுத்து முகர்ந்துகொண்டிருந்தாள். சோப்பு வாசனைதான் அவளுக்கு அப்பா.

விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடும் கீழ்வீட்டு அக்கா, மறுநாள் லீவு போட்டுக் குட்டிக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள். "நீ போய் அந்தக் கல்லைப் பார்த்துட்டு வா. மகாராணியை நான் பார்த்துக்கறேன். என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்க மாட்டேங்கறாங்க, அதான் ஒரு குறை." அந்த வாரத்தில் அம்மா சிரித்தது அப்போதுதான்.

சூப்பர்வைசரின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். அப்பால் நீள நீளமான சோப்புப் பாளங்கள் கம்பிகளில் அறுபட்டு வில்லைகளாக விழுந்துகொண்டிருந்தன. அவர் நாற்காலி கொடுத்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். அவள் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினாள்.

"சார், ஆறு மாசமா அவர் கெஞ்சறார், நீங்க மனசு வைக்க மாட்டேங்கறீங்க. பொண்ணைத் தூக்க என் ஒருத்தியால முடியல."

"யாரைத் தூக்க?"

"எங்க பொண்ணை."

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பொண்ணா? அவருக்கு ஒரே பையன்னுல்ல சொன்னார்? காலேஜ்ல சேர்த்துட்டேன்னு எங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரே."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் ஒரு பாளம் முழுதாக அறுபட்டு விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லைம்மா அவர். கேட்டிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். இப்படிப் பிள்ளை இருக்கறவங்களுக்கு வேண்டிய ஷிஃப்ட் கொடுக்கறது இங்க வழக்கம்தான். வாயைத் திறந்தாத்தானே தெரியும்?" குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமையிலேர்ந்து மாத்திடறேன். ஆனா தங்கச்சி, மேல சொல்லும்போது, மனைவிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறேன். நாளைக்குப் பையனுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும்ல? உங்க நல்லதுக்குத்தான்."

கல் என்று அவள் நினைத்து வந்த மனிதர் உண்மையிலேயே இளகியிருந்தார். கண்கூடக் கலங்கியிருந்தது.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள். "பொண்ணுன்னே சொல்லுங்க."

மாலையில் அவன் வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அங்க வந்தியாமே."

"வந்தேன்."

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தன் கேட்டான், எத்தனை பிள்ளைன்னு. ஒண்ணுன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்தத் தெரியல."

சண்டைக்கென்று அவளிடம் இருந்த சொற்களெல்லாம் சூப்பர்வைசருக்காகச் சேர்த்தவை. இவனுக்கென்று அவள் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. இத்தனை வருஷமும் இந்தப் பாரத்தை இரண்டு பேர் தூக்குகிறோம் என்று நம்பியிருந்தாள். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, அடுத்த அறையில் போய் உட்கார்ந்தாள். குட்டி அப்பாவின் காலரை இழுத்து முகர்ந்து கூவும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கினார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். படி திரும்பும் இடங்களில் அவன் பாரம் முழுவதையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். ஒரு இடத்திலும் சுவரில் இடிக்கவில்லை.

வேன் வாசலில் நின்று தெருவை அடைத்திருந்தது. அதன் பின்னால் கம்பெனி பஸ், வழி கிடைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் முகங்கள் ஜன்னல்களில் தூங்கி வழிந்தன.

அவன் வாசலுக்கு உள்ளேயே நின்றுவிட்டான். போர்வை விறைத்தது.

"கொஞ்சம் நில்லு. பஸ் போயிடட்டும்."

"வேன் நகர்ந்தாத்தான் பஸ் போகும். இவ ஏறினாத்தான் வேன் நகரும்," என்றாள் அவள், திரும்பாமல். "வாங்க."

வெயிலுக்கு வந்ததும் குட்டி கூவினாள். தெரு முழுக்கக் கேட்டது. பஸ்ஸில் அத்தனை தலைகளும் திரும்பின.

"அண்ணே! நம்ம அண்ணன்தானே அது?" ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "யாருண்ணே அந்தப் பொண்ணு?"

அவள் தன் முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவனுக்குப் பதிலாகத் தானே சொல்லிவிட நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுப்பா," என்றான். "பாவம், ஒரு கை பிடிச்சு விடறேன்."

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு!"

அவன் பிடி மட்டும் தளரவில்லை. மகளை இருக்கையில் பதமாக இறக்கினான். பட்டை மாட்டினான். குட்டி அவன் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுவித்துக்கொண்டு வந்தான்.

டிரைவர் உள்ளிருந்தபடியே கதவை இழுத்தார். "சாயங்காலம் இறக்க யாராவது இருப்பீங்கள்ல? அதுக்கும் நான் வண்டியை விட்டு இறங்க முடியாதும்மா."

கணவன் அப்போது வேலையில் இருப்பான். வேலையிலிருந்து திரும்பியிருக்கும் கீழ்வீட்டு அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

"இவ அம்மா நான் இருப்பேண்ணே," என்றாள் அவள், பின்னால் நின்ற பஸ்ஸுக்கும் கேட்கும்படி. "மறுமுனைக்குத்தான் ஆள் தேடணும். இந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மத்தியானம் ஷிஃப்ட்."