தண்ணீர்த் தம்ளர்

...இதோ, இப்போது அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், கனத்தைச் சந்தி தாண்டி வேகம் பிடித்ததும், இரண்டாவது கியர் தானாக மூன்றாவதுக்கு மாறுகிற அந்த ஒரு நொடியில், எடுத்தார், வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நழுவிப் போயிற்று. மடியிலிருந்த ஸ்கேன் உறையை இறுக்கியிருந்த கையை ரமணி தளர்த்தினாள். முதுகு வலிக்கவில்லை. என்ன மனிதர் இவர்... வீட்டில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், இந்த விக்ரமனுடைய காலுக்கு மட்டும் இத்தனை பதம் எங்கிருந்து வந்தது? ஐந்து கிழமைக்கு முன், முதுகில் ஒப்பரேஷன் முடிந்து முதல் நாள் தெரப்பிக்குப் பொரளைக்கு வந்தபோது, இதே இடத்தில் வண்டி இழுத்து ஒரு குத்துக் குத்தியதே, அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து பஸ்காரனே எட்டிப் பார்த்தானே... அன்றைக்கே வெள்ளவத்தைக் கராஜுக்கு ஓடினார். "ஓட்டோ கியர்பொக்ஸ் தேஞ்சு போச்சு ஐயா, கழட்டித்தான் செய்யோணும், சாமான் வர மூண்டு கிழமை போகும்" என்றான் மெக்கானிக் சாந்தகுமார். மூன்று வாரம் வண்டி இல்லாமல் அவள் எதில் போவாள், த்ரீவீலில் குழிக்குக் குழி குதித்தா? ஒயிலையாவது மாற்று என்று இவர் கேட்டதற்கு அவன் பதறிவிட்டான். "ஐயோ, மாத்தாதீங்கோ, தேஞ்ச தூளெல்லாம் அந்தப் பழைய ஒயிலுக்குள்ளதான் கிடக்கு, அந்தப் பிடிப்பிலதான் ஓடுது, புதுசு ஊத்தினா நிண்டுடும்."

"அப்ப ரமணிட தெரப்பி முடியட்டும்" என்று தள்ளிப் போட்டார். பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை... விடியக் காலையில் தனியாக வண்டியை எடுத்துப் போய்த் திரும்பி வந்தார், மறுநாள் அவள் உட்கார்ந்தபோது சீட் ஈரம். என்னங்க இது என்றால் மழுப்புகிறார். சமையலறையில் ஒரு தம்ளர் குறைந்ததைக் கண்ட பிறகுதான் விளங்கியது, அவள் உட்காரும் இடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்து, சிந்தாமல் ஓட்டிப் பழகியிருக்கிறார். அடுத்த ஞாயிறு சீட்டைத் தடவிப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. முப்பது வருடத்தில் ஒரு முழம் பூ வாங்கித் தராத மனிதர்.

இன்றோடு தெரப்பி முடிந்தது, வண்டியை இன்றைக்கே விடுவதாகச் சாந்தகுமாரிடம் சொல்லியிருந்தார், இதோ ஹவ்லொக் வீதி, இதோ திருப்பம், கராஜ் வாசலில் அவன் கையைக் கூட ஆட்டினான்... வண்டி நிற்கவில்லை.

"என்னங்க, கராஜ் தாண்டிப் போகுது."

"நல்லாத்தானே ஓடுது ரமணி. திறந்தா உள்ளுக்க என்னென்ன இருக்கோ. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்."

தெரப்பிதான் முடிந்துவிட்டதே, இனி யாருக்காக? திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்தில் வியர்வை. இன்னொரு தடவை வெட்ட வேண்டுமா இல்லையா என்பது இந்த உறைக்குள் இருக்கிறது, திங்கட்கிழமை டொக்டர் சொல்வார். ஆனால் கவுண்டரில் கொடுத்த பிள்ளை உறையை ஒட்டவே இல்லை. பொரளையிலிருந்து இவ்வளவு தூரம், றிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை... சரி, அவர்தான் கேட்கவில்லை, மடியிலேயே வைத்திருக்கிறாளே, அவள் ஏன் பார்க்கவில்லை?

முன்னால் ரோடு வெறுமையாகி வண்டி வேகம் பிடித்தது. அவர் காலை எடுத்தார். ரமணி உறையின் வாயை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.