டேங்க் கழுவியாச்சு

பையை யார் எடுப்பது என்ற பேச்சு வந்ததும் அண்ணன் போன் வந்தவனைப்போல வெளியே நழுவினான். அத்தை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலை விட்டுத் தள்ளி நின்றாள். எடுப்பதற்கு முன் இறந்துபோன அப்பாவின் உடம்பைத் துடைத்துத் துணி மாற்ற வேண்டும். மலம் இறங்குவதற்காக வயிற்றில் ஒட்டியிருந்த அந்தப் பை பாதி நிரம்பி உப்பிக் கிடந்தது.

"அப்படியே விட்டுடு. மேல துணியச் சுத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அத்தை.

மகளுக்குக் குமட்டியது. அழுகை வரவேண்டிய நேரத்தில் குமட்டல்தான் வருகிறது என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது. சின்ன வயதில் சாக்கடை ஓரம் நடந்தாலே வாந்தி எடுப்பாள். "வந்துட்டா மூக்கு மகாராணி, ஜன்னலத் திறங்கப்பா!" என்று அப்பா கேலி செய்வார்.

அவர் பால் டேங்கர் ஓட்டியவர். குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முந்தின நாள், வயிற்றைக் கழுவும் மருந்தை ஜாடி ஜாடியாகக் குடித்துவிட்டுக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்தார். "கழுவற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் டேங்க்க விடக்கூடாது. அடியில துளி ஒட்டியிருந்தாலும் லோடு பூரா திரிஞ்சிடும்" என்று அதையும் வேடிக்கையாகவே சொன்னார். போவது தெளிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை நர்ஸ் மகளிடம் விட்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவருகே போவதற்குள் உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டுவிடும்.

"அதுக்குள்ள ஏம்ப்பா தண்ணி விட்டீங்க? நான் பார்க்கணும்ல?"

"உனக்கெதுக்கும்மா இந்தக் கண்றாவி? டேங்க் கழுவியாச்சுன்னு சொல்லிடு."

நர்ஸிடம் அப்படியே சொன்னாள். அப்பாடா என்றுதான் சொன்னாள்.

உள்ளே அழுக்கு மிச்சம் இருந்ததாக டாக்டர் பிறகு சொன்னார். தையல் விட்டுப்போய், சீழ் பிடித்து, மறுபடி கிழித்து, இந்தப் பையை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் விடவே இல்லை. அப்போதும் பையை அவரே காலி செய்வார். "நீ அந்தப் பக்கம் போ, மகாராணி." இன்று காலை அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

"நான் எடுக்கறேன் அத்தை. நீங்க வெளிய இருங்க."

"நீயா? உனக்குத்தான் ஆகாதே!"

கதவைச் சாத்தினாள். ஓரத்தை நகத்தால் நெம்பி மெல்ல உரித்தாள். அடியில் தோல் வெந்து புண்ணாகியிருந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. ஓங்கரித்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக் கிண்ணத்தில் பிழிந்தாள். கலங்கலாக வந்தது. கொட்டிவிட்டு மறுபடி துடைத்துப் பிழிந்தாள்.

அண்ணன் கதவைத் தட்டினான். "இன்னுமா முடியல? எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

அவள் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் தெளியல" என்றாள்.