பனிவண்டியின் பின்பக்கம்

என் கணவர் செல்வரட்ணத்துக்கு "ஏலாது" என்ற சொல் வாயில் வராது. முதலாளி கேட்டால் வரவே வராது. 2004 மாரிக் குளிரில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹம் நகரத்தில் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் முதலாளி பிறிங்மன், தன் பனிவண்டியின் பின்பக்கத்தில் குலுக்கம் தாங்கும் ஸ்பிரிங் சட்டமான சஸ்பென்ஷனைக் கழற்றி, கிரீஸ் பூசி, திரும்பப் பூட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ரப்பர்ப் பட்டி வைத்த மோட்டார் வண்டி அது. இவர் அப்படியொன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தலையாட்டி, வண்டியை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். தொழிற்சாலையின் திருத்துமிடத்தில் ஒரு பகல் வேலை காலியாக இருந்தது. வண்டி சரியாக வந்தால் அதை இவருக்குத் தர யோசிப்பதாகப் பிறிங்மன் சொல்லியிருந்தார். இவருக்கு இரவு வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. வருடக்கணக்காக வேலை நாட்களில் நாங்கள் வாசலில்தான் சந்தித்துக்கொண்டோம். அவர் சப்பாத்தைக் கழற்றுவார், நான் போடுவேன். கல்யாணம் கட்டிய மனுசனோடு தினமும் ஒரு மேசையில் இருந்து சோறு தின்ன எனக்கு ஆசையாக இருந்தது.

கழற்றுவதும் கிரீஸ் பூசுவதும் சுகமாக முடிந்தன. ஞாயிறு பூசை முடிந்து வந்து பூட்டத் தொடங்கினார். வண்டியின் பின்பக்கத்தைக் கூரை மரத்தில் கயிறு கட்டித் தூக்கி, சஸ்பென்ஷனைப் பட்டிக்குள் செருகி, முன் போல்ட்டுகளைப் போட்டு, வண்டியை இறக்கினார். பின் போல்ட்டுக்கான துளைகள் நேருக்கு வரவில்லை. ஒரு விரல் அளவு இடைவெளி. ஸ்பிரிங் அமர மறுத்தது.

"கொறற்றி, சீற்றில ஒருக்கா ஏறி இரும்."

என்னைத்தான் கூப்பிட்டார். ஏறி இருந்தேன். துளை அசையவில்லை. ஒரு ஸ்பிரிங்கைக்கூட அமர்த்தாத இந்த உடம்பைப் பற்றியா இவர் இவ்வளவு காலமும் பகிடி பண்ணினார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஞானப்பிரகாசம் அண்ணையையும் அவர் மனைவி வெரோனிக்கா அக்காவையும் ஏற்றினோம். இரண்டு பேருமே ஈர்க்குச்சிகள். நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சும்மா இருப்பானேன் என்று அக்கா செபமாலை தொடங்கினார். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் வண்டியின் அடியிலிருந்து இவர் "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து, பின்னேரம் வருவதாகச் சொன்ன பிறிங்மன், கேக் பெட்டியோடு கராஜ் வாசலில் வந்து நின்றார். மூன்று பேரும் பதறி இறங்கினோம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மனுசன் நேரே வந்து சீற்றின் பின்னுக்குப் பொத்தென்று இருந்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தாலும் அவருடைய பாரத்துக்குக் காணாது. துளைகள் நேருக்கு வந்தன. அடியில் இருந்தவர் போல்ட்டைச் செருகுவது கேட்டது. சத்தம் கேட்டுப் பிறிங்மன் எழும்பப் பார்த்தார்.

"அசைஞ்சால் கொல்லுவன். இருங்கோ அங்கயே!"

இவர் அடியிலிருந்து தமிழில்தான் கத்தினார். ஆனால் அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறிங்மன் கேக் பெட்டியை மடியில் வைத்தபடி உறைந்துபோனார். நட்டை இறுக்கிவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்த இவர், இருப்பது யார் என்று கண்டதும் வெளிறிப்போனார்.

ஸ்பிரிங்கைக் கடைசியாக அல்லவா கொளுவ வேண்டும், அப்படியென்றால் பாரமே தேவையில்லையே, அது தெரியாதா என்று பிறிங்மன் கேட்டார். என் கணவர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தெரியாது என்றார். பகல் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறிங்மன் குனிந்து போல்ட்டைப் பார்த்தார். தான் எழும்பியிருந்தால் இவருடைய விரல் போயிருக்கும் என்றார். முதலாளி என்றும் பாராமல் அதட்டுகிற ஆள்தான் தன் திருத்துமிடத்துக்கு வேண்டும், மற்றதைப் பழகலாம், அடுத்த மாதம் பகலுக்கு வா என்றார்.

சீற்றில் இருப்பது ஞானப்பிரகாசம் அண்ணை என்று நினைத்தல்லவா கத்தினேன் என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார். நான் பெட்டியைத் திறந்து, கையால் பிய்த்த கேக் துண்டு ஒன்றை அந்த வாய்க்குள் திணித்தேன்.

அடுத்த மாதம் முதல் நாள், வேலை முடிந்து வந்து ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டோம். இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கதிரையிலேயே சாய்ந்து குறட்டை விட்டார். கோப்பைகள் அதிர்ந்தன. நான் வேலைக்குப் போன பகலெல்லாம் இந்த வீடு இப்படித்தான் கிடந்து ஆடியிருக்கிறது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.