மேனேஜரின் புது வீடு

பள்ளிச் சுற்றுலா முடிந்து மகள் வரும் நேரம் நெருங்கிவிட்டது. அவளுடைய தவளையோ தண்ணீர்த் தட்டில் பின்னங்கால்களை நீட்டிப் போட்டுக் கிடந்தது. அது இருந்த கண்ணாடிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அதன் பெயர் மேனேஜர். நாள் முழுக்க அரைக்கண் மூடி உட்கார்ந்திருப்பதால் மகள் வைத்த பெயர். வாங்கிக் கொடுத்தது அவளுடைய அப்பா, அதாவது என் முதல் கணவர். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தால், "மேனேஜர் எப்படி இருக்கார்?" என்றுதான் ஆரம்பிப்பார். அப்பா என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஃபோனும் இந்தத் தவளையும்தான். இன்றைக்கு ஞாயிறு வேறு.

பெட்டியைச் செய்தது என் இப்போதைய வீட்டுக்காரர். குளியலறை கட்டிக் கொடுப்பது அவர் தொழில். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் அவரோடு சண்டை போட்டதில்லை, முகம் சுளித்ததில்லை. பேச்செல்லாம் என் வழியாகத்தான். "அம்மா, அவர் சாப்பிட வர்றாரான்னு கேளு" என்பாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும், "விடு, சின்னப் புள்ள" என்பார்.

மேனேஜரின் பழைய பிளாஸ்டிக் பெட்டியில் விரிசல் விட்டபோது, "அவரால ஒரு பெட்டி பண்ண முடியுமான்னு கேளும்மா" என்றாள். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கி வந்து ஒட்டினார். அடியில் கூழாங்கல், அதன்மேல் வலை, கரித்துண்டு, மண், மேலே பாசியும் ஒரு சின்னப் பெரணிச் செடியும். மகள் சொல்லியனுப்பியபடி கல்லைச் சோப்பு போடாமல் கழுவினார். உரம் படாத மண்ணாகத் தேடிப் பிடித்தார். பசை வாடை போகும்வரை பெட்டியைப் பால்கனியில் காயவைத்தார். அவள் சுற்றுலா கிளம்பியதும் மேனேஜரைக் குடியேற்றினார். வந்து பார்த்து அவள் அசந்துபோக வேண்டுமாம்.

மீனும் தவளையும் விற்கிற கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, புதுப் பெட்டி செய்து மாற்றியதைச் சொன்னேன்.

"என்ன பசையில ஒட்டினீங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

பால்கனியில் காலி டியூப் கிடந்தது. 'குளியலறைக்கு உகந்தது, பூஞ்சை அண்டாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்துக் காட்டினேன்.

"அதுல பூஞ்சையைக் கொல்ற மருந்து கலந்திருக்கும்மா. நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும். முதல்ல வெளிய எடுங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், பிடிச்சு வச்ச தண்ணியில கழுவி, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க. பொழைச்சா அதோட அதிர்ஷ்டம்."

என் வீட்டுக்காரர் கட்டிய எந்தக் குளியலறையிலும் மூலை பூஞ்சை பிடித்துக் கறுத்ததில்லை. அதில் அவருக்குத் தனிப் பெருமை. ஏதோ ஒரு மட்டமான பசையைத் தடவியிருந்தால் தவளை நன்றாக இருந்திருக்கும். மகளுக்காயிற்றே என்று தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியானதைப் போட்டிருக்கிறார்.

ஏதோ அவசர வேலை என்று போனவர் திரும்பி வந்தபோது, நான் மேனேஜரைப் பழைய பெட்டிக்கு மாற்றி, முதுகில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். டியூப்பை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடையில இதே மாதிரி தவளை ஒண்ணு இருக்காம்" என்றேன். "இப்பவே போனா வாங்கிட்டு வந்துடலாம். அவளுக்குத் தெரியவா போகுது?"

"தெரியும். கண்ணுக்குக் கீழ வெள்ளைப் புள்ளி இருக்கு."

"தெரியலேன்னா?"

"எனக்குத் தெரியுமே."

"உங்க நேர்மையைத் தூக்கிக் குப்பையில போடுங்க. அது அவ அப்பா கொடுத்தது. ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிக்க மாட்டா."

தவளைக்காக நான் அவ்வளவு பதறவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இந்த மனிதர் ஒரு வருஷமாகப் பொறுத்துப் பொறுத்துப் போனதெல்லாம் ஒரு டியூப் பசையில் நாசமாகிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அழைப்பு மணி அடித்தது. நான் எழுவதற்குள் அவரே போய்க் கதவைத் திறந்தார்.

"உன் தவளைக்கு உடம்பு சரியில்லம்மா" என்றார். அவள் இன்னும் பையைக்கூட இறக்கவில்லை. "பெட்டிய தப்பான பசையில ஒட்டிட்டேன். அதுல மருந்து இருந்திருக்கு. நான்தான் கவனிக்கல."

மகள் அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு பெட்டியின் முன் மண்டியிட்டாள். விரல் நுனியால் மேனேஜரின் காலைத் தொட்டாள். கால் அசையவில்லை. மறுபடி தொட்டாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. 'பரவாயில்லங்க' என்று அந்தப் பாழாய்ப்போன மரியாதையோடு சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அதோடு இந்த வீட்டில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அம்மா, அவர்கிட்ட…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். திரும்பி நேராக அவரைப் பார்த்தாள்.

"டியூப்புல என்ன எழுதியிருக்குன்னு படிக்க மாட்டீங்களா? இத்தனை வருஷமா இதே வேலைதானே பண்றீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? நான் இல்லாதப்ப மாத்தச் சொல்லி உங்களை யார் கேட்டா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. என்னிடம் சண்டை போடும்போது வருகிற அதே குரல், கழுத்தில் புடைக்கிற அதே நரம்பு. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார்.

"சும்மா நின்னா ஆச்சா? இன்னொரு வாளி தண்ணி வேணும். குழாய்த் தண்ணி இல்ல, பிடிச்சு வச்சது."

அவர் ஓடினார்.

அவள் தவளையை ஏந்திப் பிடிக்க, அவர் குவளையால் ஊற்றினார். "மெதுவா, மூக்குல படுது" என்றாள். "சரி" என்றார். தண்ணீரை மாற்றினார்கள், மறுபடி ஊற்றினார்கள். இருட்டத் தொடங்கியபோது ஃபோன் அடித்தது. அவள் கை ஈரமாக இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேனேஜர் எப்படி இருக்கார்?"

என் வீட்டுக்காரரின் கையில் குவளை அப்படியே நின்றது.

"கொஞ்சம் உடம்பு சரியில்லப்பா."

"ஏன்? அந்த ஆள் ஏதாவது பண்ணிட்டாரா?"

மகள் அவரை ஒரு முறை முறைத்தாள்.

"பெட்டி சரியில்ல. நாங்க பார்த்துக்கறோம். அப்புறம் பேசறேன்ப்பா. அம்மா, வச்சிடு."

வைத்தேன். மேனேஜர் ஒரு பின்னங்காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. மற்றது நீட்டியபடியே கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊத்துங்க" என்றாள் மகள். "இன்னும் ஒரு கால் பாக்கி இருக்கு."