மிச்சக் கிண்ணங்கள்

"எனக்கு வாசம் வந்துச்சு ஐயா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தம்மா கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் அந்த அறையில் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. போதகர் பெருமூச்சு விட்டார். பெரிய மூப்பர் நாற்காலியில் சாய்ந்து, எதிரே தனியாக உட்கார்ந்திருந்த தச்சரைப் பார்த்தார். கிண்ணத்தம்மாவின் மூக்கைப் பற்றி சபையில் எல்லோருக்கும் தெரியும். அவள் சலவைக் கடையில் துணி வாங்கிப் போடுகிறவள். சட்டையைக் கையில் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோய், இது காபி, இது மருந்து, இது பூனை என்று சொல்லிவிடுவாள். கறையைச் சுற்றி சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, "இது போகாது, இப்பவே சொல்லிட்டேன்" என்பாள். கொண்டுவந்தவர்கள் தங்கள் கண்ணுக்குத் தப்பிய கறையைப் பார்த்து அசடு வழிவார்கள். அதில் அவளுக்கு ஒரு குட்டித் திருப்தி இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

திருவிருந்தில் ஆண்டவரின் இரத்தமாக எல்லோருக்கும் கொடுக்கிற திராட்சைச் சாற்றைக் காய்ச்சுவதும், சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றித் தட்டில் அடுக்குவதும் பல வருடங்களாக அவள் வேலைதான். அதனால்தான் அந்தப் பெயர். வேறு யாரும் அந்தத் தட்டைத் தொட அவள் விட்டதில்லை. இந்த வருடம்தான் பாவம் பார்த்துத் தச்சரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது அவருக்கு. பிரிந்துபோன மனைவி மகளோடு திரும்பி வந்து சில மாதங்கள்தான். ஒரு சொட்டு உள்ளே போனாலும் கிளம்பிவிடுவேன் என்று சொல்லித்தான் அவள் வந்திருந்தாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கிண்ணத்தம்மாவுக்கு வாசம் அடித்தது. சந்தேகமே இல்லை, மதுவேதான். அவள் அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் போதகருக்கு போன் பண்ணினாள். அதோடு விட்டிருக்கலாம். தச்சரின் மனைவிக்கும் பண்ணினாள். "கூடப் பிறந்த அக்காவா நெனச்சுக்கோ, அதான் மறைக்காம சொல்றேன்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மனசு லேசாகியிருந்தது.

இப்போது அந்த மனைவி வெளியே, ஆலயத்தின் கடைசி பெஞ்சில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன முடிவாகிறதோ அதைக் கேட்டுவிட்டு நேராக பஸ் ஏறுவதாக ஏற்பாடு. மகளை முன்னதாகவே தாய் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

"தம்பி, நீங்களா ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது" என்றார் போதகர். "குடிச்சீங்களா?"

தச்சர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளியில எங்கேயும் குடிக்கல ஐயா. திருவிருந்துக் கிண்ணத்துல மிஞ்சினதைத்தான் குடிச்சேன். மூணாவது கிண்ணத்துலேயே நாக்குக்குத் தெரிஞ்சு போச்சு. நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. தட்டு காலியாகற வரைக்கும் குடிச்சேன். அது என் தப்பு."

பெரிய மூப்பரின் முகம் சிவந்துவிட்டது. "எதைத் தொட்டுப் பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? மாட்டிக்கிட்டா ஆண்டவரோட கிண்ணத்து மேலயே பழி போடுவியா?"

கிண்ணத்தம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மிச்சத்தைக் கொட்டக்கூடாது என்பது சபையின் வழக்கம். அன்று மழையில் பாதிப் பேர் வரவில்லை. தட்டு நிறைய மிச்சம். "கொட்டிடாதீங்க தம்பி, குடிச்சு முடிச்சிடுங்க" என்று அவள்தான் சொன்னாள். நம்பிக் கொடுத்ததற்கு இதுவா கைம்மாறு?

"அந்தச் சாறு பாட்டில்ல இன்னும் ரெண்டு விரக்கடை மிச்சம் இருக்கு ஐயா" என்று எழுந்தாள். "எடுத்துட்டு வரேன். ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

ஆலயத்தைக் கடந்துதான் சமையலறைக்குப் போகவேண்டும். தச்சரின் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு நிமிஷம்மா, உண்மை தெரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தம்மா வேகமாக நடந்தாள்.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடி பிடிவாதம் பிடித்தது. அழுத்தித் திருகினாள்.

பொக்.

பின்னாலேயே அந்த வாசம் வந்தது. அவளுடைய மூக்குக்கு அதை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கத் தேவையில்லை. டீ மேசையருகே அடித்த அதே வாசம்.

மூடியைத் திருகி மூடினாள். மூன்று நாள் அலமாரியில் கிடந்தது, இப்போதுதான் புளித்திருக்கும் என்று மனசு உடனே சொன்னது. எவ்வளவு சுலபமாகச் சொன்னது! யாரும் நம்புவார்கள். ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. ஞாயிறு காலையிலும் இதே மூடி இப்படித்தான் கத்தியது. அன்று சமையலறையைக் கிருமிநாசினி போட்டுக் கழுவியிருந்தார்கள், வேறு வாசம் எதுவும் ஏறவில்லை. அவளும் ஜன்னல் வழியாக, யார் தாமதமாக வருகிறார்கள், யார் யாருடைய காரில் வந்து இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் ஊற்றினாள். விருந்தாளிகள் வந்திருந்ததால் வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லாமல், சாறு அதற்கு முந்தின நாலு நாளும் அடுப்பு மேடையிலேயே கிடந்தது. சர்க்கரை வியாதிக்குப் பயந்து தன் கிண்ணத்தில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். பியானோ வாசிக்கும் பெண், "இந்தத் தடவை கொஞ்சம் சுள்ளுன்னு இருந்துச்சே அக்கா" என்றபோது, "அடுத்த தடவை நீயே காய்ச்சிக் கொண்டா" என்று வாயடைத்தாள்.

திருவிருந்துக்கு முன் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொல்லி, போதகர் கொஞ்ச நேரம் மௌனம் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். அந்த மௌனத்தில் அவள் வரிசை வரிசையாக மற்றவர்களைச் சோதித்து முடித்திருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. கவிழ்த்தால் போதும். கைதவறி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைசி பெஞ்சருகே கால் நின்றது.

"நீயும் உள்ளே வாம்மா."

"நான் எதுக்குக்கா? நீங்க சொன்னதே போதும்" என்றாள் தச்சரின் மனைவி.

"அதுக்குத்தான் கூப்பிடறேன். வா."

மேசையில் பாட்டிலை வைத்துத் திறந்தாள். பெரிய மூப்பர் வாங்கி முகர்ந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பினார். போதகர் வாங்கி முகர்ந்தார். பாட்டிலின் அடியிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

பெரிய மூப்பர்தான் முதலில் சுதாரித்தார். "மூணு நாள் ஆச்சுல்ல, இப்ப புளிச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே இருந்துச்சு. என்னக்கா, நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் கேட்டவிதம், நல்லாத்தான் இருந்தது என்று சொல்லிவிடு என்பதாக இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தச்சர் மட்டும் பார்க்கவில்லை. அவர் தன் மனைவியின் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் கிண்ணத்தம்மாவுக்கு என்ன மிஞ்சும்? இந்தத் தட்டு போய்விடும். இந்தப் பெயரும் போய்விடும். நாளைக்கே சலவைக் கடைக்கு வருகிறவர்கள் அவள் மூக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"இல்ல" என்றாள். மறுபடியும் சொன்னாள். "இல்ல ஐயா. ஞாயித்துக்கிழமை காலையிலேயே மூடி பொக்குன்னுதான் தெறந்துச்சு. என் காதால கேட்டேன். ஊத்தினதும் நான்தான், மிச்சத்தைக் குடிக்கச் சொன்னதும் நான்தான். அப்புறம் வாசம் பிடிச்சுச் சொன்னதும் நான்தான்."

போதகர் பாட்டிலை மூடித் தள்ளி வைத்தார்.

"மூணாவது கிண்ணத்துல நிறுத்தியிருக்கணும்" என்றார் தச்சர், யாரையும் பார்க்காமல், தனக்கே சொல்வதுபோல.

அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு குனிந்து பையைத் தரையில் வைத்தாள். ஆனால் அதன் பிடியைக் கை இன்னும் விடவில்லை. கிண்ணத்தம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.