இடைவேளைக்குப் பின் வந்த கேப்டன்

கதவு மேலேறித் திறக்கிறது, உள்ளிருந்து வெள்ளைப் புகை வருகிறது, புகைக்குள்ளிருந்து தலைக்கவசத்தை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேப்டன் நடந்து வருகிறான், இடைவேளைக்கு முன்னால் செத்துப்போனவன், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விண்வெளி நிலையத்தோடு சேர்ந்து எரிந்தவன், எரிவதற்கு முன் உள்ளிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு, நீங்க கெளம்புங்கடா, இத நான் பாத்துக்கறேன் என்று டப்பிங் தமிழில் சொன்னவன், அவனை நினைத்து முறுக்கும் கலர் சோடாவும் வாங்காமல் பத்து நிமிடம் வராந்தாவில் நின்றுவிட்டு வந்திருக்கிறோம், இப்போது ஒரு கீறல்கூட இல்லாமல் வருகிறான், தரை டிக்கெட்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்து விசில் அடிக்கிறார்கள், எப்படி வந்தான் என்று கோவில்பட்டியில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஆறு பிலிம் டின்னில் வந்த படம் அது, எங்கள் ஊர் டாக்கீஸும் கழுகுமலைக் கொட்டகையும் ஒரே பிரதியைப் பங்கு போட்டு ஓட்டின, டின்களைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் மொபெட்டில் போவதும் வருவதுமாக இருப்பார், மழையில் டின்களின் மேலிருந்த சுண்ணாம்பு எண்கள் அழிந்து யாரோ திரும்ப எழுதியதில் மூன்றாம் டின் ஐந்தாகவும் ஐந்தாம் டின் மூன்றாகவும் மாறிவிட்டன, கடைசிக்குச் சற்று முன்னால் சாக வேண்டியவன் இடைவேளைக்கே செத்தான், பிறகு முறைப்படி நான்காம் டின் ஓடியபோது அதில் உயிரோடு இருந்தான், அவ்வளவுதான் அதிசயம், ஆனால் பதினோரு நாளும் அப்படியே ஓடியதால் எங்கள் ஊருக்கு அந்தப் படத்தின் கதையே அதுதான் என்றாகிவிட்டது. என் பக்கத்தில் பால்வண்ணன் இருந்தான், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்ச், வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவனே பேசிக்கொண்டு வந்தான், அவன் சாவலலே, எஞ்சின அணைச்சுட்டு நெலாவுக்குப் பின்னால கெடந்திருக்கான், சூடு இல்லன்னா ரேடார்ல எப்படித் தெரியும். அப்ப கடைசியில எல்லாரும் ஒரு செவுத்து முன்னால தொப்பியக் கழட்டிட்டு நிக்காங்களே, அது யாருக்கு என்றேன், அவன் யோசிக்கக்கூட இல்லை, அது வேற ஆளுகளுக்கு, கேப்டன் அடுத்த டூட்டிக்குப் போயிட்டான்.

இதையெல்லாம் நான் பகலில், ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு வருகிறேன், ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குக் கனவு பகலில்தான் வரும், விழுப்புரம் தாண்டியது தெரிந்தது, திருச்சி தெரியவில்லை. காலையில் ஒரகடத்துக் கிடங்கில் பதினாறு கேமராத் திரைகளை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது போன் வந்தது, பால்வண்ணனின் மனைவி செண்பகவல்லி, அண்ணே, இன்னையோட பன்னெண்டு நாளாச்சு, அவுகள எங்கயும் காணல என்றாள், பன்னிரண்டு நாளா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், ஒருவேள ஒங்கள்ட்ட வந்திருப்பாகளோன்னும் நெனச்சேன், ஒங்க நம்பரு அவுக போன்லதான் இருக்கு, போன அணைச்சு அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டுப் போயிருக்காக, இன்னைக்கு ஒலை வைக்க அடி அரிசிய அள்ளும்போதுதான் கையில தட்டுச்சு என்றாள், அப்புறம் குரலைத் தணித்து, அண்ணே, பம்புசெட்டுக் கெணறெல்லாம் பாத்துட்டாங்க என்றாள். வண்ணன் நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர், ஒரு மெஷினின் இரும்பு மூடி கழன்று கிடந்தது, மூன்று நாளும் ஆபீஸில் எழுதிக் கொடுத்தான், நான்காம் நாள் மூடி இல்லாமலே ஓட்டினான், அன்று முத்துக்கனி என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் வலது கையில் இரண்டு விரலை மெஷின் எடுத்துக்கொண்டது, ஆபீஸில் ஒரு தாளை நீட்டினார்கள், கவனக்குறைவு என்னுடையது என்று எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டான், வேலை போனது, அவன் மூன்று நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை, நான்காம் நாள் ஆளைக் காணோம். செண்பகவல்லி அழவில்லை, தகவல் சொல்வது போலச் சொன்னாள், எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவுக எங்க போவாகன்னு ஒங்களுக்குத்தான் தெரியும் என்றாள், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் தெரியும், தெரிந்திருக்க வேண்டும், அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவன் அத்தானின் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது, அதில் ஒரு விளையாட்டு, கறுப்புத் திரை முழுக்க அறுகோணக் கட்டங்கள், அங்கங்கே கோள்கள், சுரங்கம் தோண்டு, கப்பல் கட்டு, எதிரியின் தலைநகரைப் பிடி, இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம், இருப்பது ஒரு திரைதான், அதனால் ஒருவன் ஆடும்போது மற்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், ஆடியவன் முடிஞ்சிது என்று சொன்னால்தான் திரும்பலாம், சட்டம் அது. அந்தச் சுவரில் சிவகாசிக் காலண்டர் ஒன்று தொங்கியது, முருகனின் மயிலுக்குத் தோகையில் முப்பத்தேழு கண், இன்றைக்கும் கேட்டால் சொல்வேன், அவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன், வண்ணன் ஒரு ஆட்டத்தை முக்கால் மணி நேரம் யோசிப்பான், திரும்பட்டுமாலே என்றால், மயில எண்ணுல என்பான். அவன் ஒருநாளும் முன்கூட்டித் திரும்பியதில்லை, நான் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன், இரண்டாவது தடவை திரைக் கண்ணாடியில் என் முகம் விழுந்ததை அவன் பார்த்தான், கப்பலை நகர்த்தினான், அதற்கப்புறம் நான் திரும்பவில்லை. தோற்கத் தொடங்கினால் நான் மிச்சமிருக்கிற கப்பல்களை ஓட்டிக்கொண்டு திரையின் கீழ் இடது மூலைக்குப் போய்விடுவேன், அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு, அதனாலேயே போவேன், வண்ணன் தோற்கும்போது ஓட மாட்டான், ஒரே ஒரு கப்பலை எஞ்சினை அணைத்து என் தலைநகரை ஒட்டின நிலாவுக்குப் பின்னால் போட்டுவைப்பான், நான் அண்டம் பூராவும் தேடிக்கொண்டிருப்பேன், அது என் வாசலில் கிடக்கும். ஒளியணும்னா எதப் பாத்து பயப்படுதமோ அதுக்குப் பக்கத்துலதாம்ல ஒளியணும், அங்க எவன் தேடுவான் என்பான்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் பதினோரு பாடத்தில் தோற்றேன், விடுதியை விட்டு இறங்கி யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன், ஏழு மாதம், களியக்காவிளைச் சந்தையில் வாழைத்தார் இறக்கினேன், ஒருநாள் மத்தியானம் தாரோடு லாரியிலிருந்து குனிந்து இறங்குகிறேன், கீழே வண்ணன் நிற்கிறான், கையில் மஞ்சள் பை, ஏன்ல ஓடிவந்த என்று கேட்கவில்லை, வீட்டில் அழுகிறார்கள் என்று சொல்லவில்லை, ஏழு மாசமா ஆட்டம் ஒன் டர்ன்லயே நிக்கி, ஆடுதியா இல்லையா என்றான். எப்படிலே கண்டுபிடிச்ச என்று கேட்டேன், தமிழ்நாட்டு மேப்ப விரிச்சு வச்சேன், கீழ இடது மூலையப் பாத்தேன், பஸ் ஏறுனேன், இதுல என்ன இருக்கு என்றான். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் படத்தைப் பற்றிச் சொன்னேன், விடுதியில் சிடியில் பார்த்தேன், சரியான வரிசையில், கேப்டன் செத்துத்தான் போறான்லே, அதுக்கப்புறம் வரவே இல்ல, அந்தச் செவுத்துல அவன் பேருதான் மொதப் பேரு. வண்ணன் நிலக்கடலையை உடைத்துக்கொண்டே, தெரியும்ல என்றான், ரெண்டாம் நாளே ஆப்பரேட்டர் அந்தோணிமுத்து அண்ணன்ட்ட கேட்டேன், டின்னு மாறிருக்கேண்ணேன்னு, அவரு சொன்னாரு, தம்பி, செத்தவன் வந்தா ஜனம் விசில் அடிச்சிட்டுப் போவுது, மாத்திப் போட்டா அழுதுட்டுப் போவும், ஒனக்கு எது வேணும். நீ என்ன சொன்ன என்று கேட்டேன், வெளிய சொல்ல மாட்டேன்னு சொன்னேன், சொல்லல, ஒனக்கே இப்பதான சொல்லுதேன். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, கல்லூரிக்கு நான் திரும்பவில்லை, அது வேறு விஷயம், வீட்டுக்குத் திரும்பினேன். இப்போது இதே மாதிரி ஒரு பஸ்ஸில் இருக்கிறேன், பக்கத்து இருக்கை காலி, சரியான வரிசையில் பார்த்தால் செத்தவன் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும், கண்ணை மூடினால் கிணறு, திறந்தால் துவரங்குறிச்சி.

கிணறுகளை விட்டால் எல்லோரும் தூரமாகத்தான் தேடியிருந்தார்கள், அவன் மைத்துனன் திருவண்ணாமலைக்குப் போய் வந்தான், செண்பகவல்லி திருச்செந்தூர்க் கடற்கரையில் இரண்டு நாள் இருந்தாள், போலீஸில், ஆம்பளதானம்மா, கோவம் தணிஞ்சா வருவான் என்று அனுப்பிவிட்டார்கள். நான் மறுநாள் விடிந்ததும் மில் வாசலுக்குப் போனேன், அவன் பயப்படுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன், எதிரே டீக்கடை, அங்கே உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன், கடைக்காரர், அந்த மனுசனா, அன்னைக்குப் போனவருதான், இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கல என்றார், சங்கு ஊதியது, பெண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள், ஆபீஸ் ஜன்னலில் ஒருவன் பல் குத்திக்கொண்டிருந்தான், அப்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது, மில்லைப் பார்த்து வண்ணன் ஏன் பயப்பட வேண்டும், மில்லைப் பார்த்து அவனுக்கு வெறுப்பு, வெறுப்பு வேறு, பயம் வேறு, அவன் பயப்படுவது ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து. முத்துக்கனியை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன், கடைக்காரர் சொன்னார், பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரி.

நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குகிற கொட்டகையில் நூறு பேர் இருப்பார்கள், பாய், வாளி, தூக்குச்சட்டி, காயப்போட்ட சேலை, அங்கே ஒரு ஆள் பதிமூன்று நாள் இருந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் உள்ளே யாரோ இருக்கிறார்கள். பெண்கள் வார்டு வாசலில் முத்துக்கனியின் அம்மா உட்கார்ந்திருந்தாள், நான் மில்லிலிருந்து வருகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பினாள், இல்லை என்று சொன்ன பிறகுதான் பேசினாள், தையல் பழுத்துப்போச்சு, இப்பத் தேவல, நல்லாச் சாப்புடுதா, ஏதோ ஒரு புண்ணியவான் தெனமும் பாலும் இட்லியும் வாங்கி நர்ஸம்மாட்ட குடுத்துட்டுப் போறாரு, யாருன்னு கேட்டா கையக் காட்டிட்டுப் போயிருதாரு, தாடிக்காரரு என்று சொல்லிவிட்டு எழுந்து மகளிடம் உள்ளே போனாள். தாடியைத் தேடிக்கொண்டு நடந்தேன். தாழ்வாரத்தின் மூலையில் அவன் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு பிளாஸ்க், அழுக்கு வேட்டி, நான் வந்ததைப் பார்த்தும் நகரவில்லை, நான் பக்கத்தில் போய் நின்றேன், எதிரே வார்டின் ஆடுகதவு. பதிமூணு நாளா ஒன் டர்ன்லயே நிக்கி என்றேன். அவன் தரையைப் பார்த்தான், கதவு வரைக்கும் போறேம்ல, கை தள்ள மாட்டேங்கு என்றான், பிறகு, மூடி இல்லாம ஓட்டுனது நாந்தாம்ல, ஆபீஸு இல்ல, நாந்தான், அத அந்தப் பிள்ளைட்ட எப்படிச் சொல்ல. இல்லலே, ஒன் தப்பு இல்ல என்று சொல்லியிருக்கலாம், பொய், அவனிடம் நான் பொய் சொன்னதில்லை, இரண்டு தடவை திரும்பிப் பார்த்ததைத் தவிர.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். காலண்டர் இல்லை, காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை என்று எழுதிய சுவரொட்டி, அதில் சிரிக்கிற ஒரு குடும்பம், பின்னால் ஒன்றும் நடக்கவில்லை, யாரோ இருமினார்கள், ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது, அவன் நிற்கிறானா படியிறங்கிப் போய்விட்டானா தெரியவில்லை, திரும்பக் கூடாது, பிறகு செருப்பு தரையில் தேய்கிற சத்தம், ஆடுகதவின் கீல் கிறீச்சிட்டது, ஒருமுறை, அடங்கியது. சுவரொட்டியில் எழுத்துகளை எண்ணினேன், நூற்றுப் பதினாலு, மறுபடி எண்ணினேன், உள்ளே ஒரு பெண் குரல் உயர்ந்தது, என்ன சொன்னது என்று கேட்கவில்லை, அம்மாவின் குரலும் சேர்ந்தது, பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை, நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினாலு. முடிஞ்சிதுல, திரும்பு. திரும்பினேன், கதவு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, தரை கழுவிய பினாயில் வாடை வருகிறது, அதற்குள்ளிருந்து காலி பிளாஸ்கை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்ணன் நடந்து வருகிறான், கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருக்கிறது, அம்மா கையா மகளின் இடது கையா தெரியவில்லை, கண் சிவந்திருக்கிறது, ஆனால் ஆள் வருகிறான், நான் எதுவும் கேட்கவில்லை, நாக்கை மடித்து இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனேன், இரண்டு விரல் என்பது அப்போதுதான் உறைத்தது, கையை இறக்கிவிட்டு வெறும் உதட்டைக் குவித்து ஊதினேன், பாதி காற்று, பாதி விசில், வாட்ச்மேன் எழுந்து, யோவ், இது ஆஸ்பத்திரியா டாக்கீஸா என்று கத்துகிறார், நான் இன்னொரு தடவை ஊதுகிறேன்.